உத்தரத்தில் எண் இருக்கிறதா? பழைய மர யாட்டின் பூர்வீகம்: வாசகர் கேள்வி–பதில்

பழம்பொருள் பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மர மோட்டார் யாட்டை (எஞ்சின் பொருத்திய உல்லாசப் படகை) பற்றியவை. கடலே எட்டாத ஊர்களிலிருந்து இத்தனை படகுக் கேள்வியா என்று அலுவலகத்தில் சிலர் வியந்தார்கள். வியக்க ஒன்றுமில்லை. நம் செட்டிநாட்டார் வணிகத்துக்குக் கொண்டுவிற்கப் போன ரங்கூன், மோல்மீன், பினாங்கு, கொழும்பு எல்லாமே துறைமுகங்கள். பலருடைய கேள்வி ஒன்றாகவே இருந்ததால் சேர்த்துத் தொகுத்திருக்கிறோம்.

கானாடுகாத்தானில் விடுதி நடத்தும் வாசகர்: கொச்சியில் ஏலத்துக்கு வந்த பழைய மர மோட்டார் யாட் ஒன்றை வாங்கி, லாரியில் ஏற்றிவந்து விடுதியின் பின்கட்டுக் கொட்டகையில் நிறுத்தியிருக்கிறோம். நீளம் 45 அடி, அகலம் பத்தரை அடி. பலகை முழுக்கத் தேக்கு. “பர்மாத் தேக்கு, அதனால் ரங்கூனில் கட்டியதுதான்” என்கிறார் விற்றவர். பெயர் மூன்று தடவை மாறியிருக்கிறதாம். வடிவமைத்தவர் யார் என்று தேட எங்கே தொடங்குவது?

தேக்கிலிருந்து தொடங்காதீர்கள். உங்கள் விடுதியின் பட்டாலைத் தூண்களும் பர்மாவிலிருந்து வந்தவைதான். வீட்டைக் கட்டியது கானாடுகாத்தானில். அதே தேக்கு கிளாஸ்கோவுக்கும் சவுத்தாம்ப்டனுக்கும் ஹாங்காங்குக்கும் கப்பல் கப்பலாகப் போயிற்று. வெளிப்பலகையை வைத்துக் கட்டிய ஊரைச் சொல்ல முடியாது. வடிவமைத்தவரைச் சொல்லவே முடியாது.

முதலில் பார்க்க வேண்டியது முதன்மை உத்தரம். பிரிட்டிஷ் கொடியின்கீழ் பதிவான ஒவ்வொரு கலத்துக்கும் ஓர் அலுவல் எண் உண்டு. 1854-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்தோடு வந்த ஏற்பாடு இது. பெயர், உரிமையாளர், துறைமுகம் எது மாறினாலும் அந்த எண் மாறாது. எண்ணையும் பதிவு டன்னையும் முதன்மை உத்தரத்தில் செதுக்கியாக வேண்டும் என்பது விதி. பெயர்ப்பலகையை யார் வேண்டுமானாலும் கழற்றலாம். மேல்தட்டைத் தாங்கும் உத்தரத்தை யாரும் சும்மா மாற்ற மாட்டார்கள்.

மோட்டார் யாட்டில் அது பெரும்பாலும் எஞ்சின் அறைத் திறப்பின் முன்புறமோ பின்புறமோ உள்ள குறுக்கு உத்தரமாக இருக்கும். சிலவற்றில் வீல்ஹவுஸ் (படகோட்டும் அறை) தரைக்கடியில். பிற்காலத்தில் அடித்த பிளைவுட் உறைக்குள் ஒளிந்திருக்கலாம். பல அடுக்கு எனாமல் ஏறிச் செதுக்கல் மூடிப்போயிருக்கலாம். சாண்டர் இயந்திரத்தை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். செதுக்கல் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) ஆழம்கூட இல்லாத படகுகள் உண்டு. ஒரே தேய்ப்பில் அழிந்துவிடும். இருட்டிய பிறகு டார்ச்சை உத்தரத்தோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். பெயின்டுக்கு அடியிலுள்ள பள்ளம் நிழலாகத் தெரியும். மெல்லிய தாளை ஒட்டிக் கரித்துண்டால் உரசிப் படி எடுங்கள். அதன் பிறகுதான், அந்த ஒரு சாண் இடத்தில் மட்டும், பெயின்ட் ரிமூவர் தடவி மரச்சீவலால் வழியுங்கள். இருபதாம் நூற்றாண்டுக் கலமானால் ஆறு இலக்க எண்ணும், பக்கத்தில் 14.62 என்பதுபோல் ஒரு டன் கணக்கும் இருக்கும். அமெரிக்கப் பதிவு என்றாலும் இதே இடம்தான். அங்கே அந்தக் காலத்தில் எண்ணோடு நிகர டன்னைச் செதுக்கினார்கள்.

எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பிரிட்டிஷ் அரசு ஆண்டுதோறும் வெளியிட்ட மெர்க்கன்டைல் நேவி லிஸ்ட் என்ற பட்டியலின் படிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எண்ணைக் கொடுத்தே தேடலாம். பெயர், பதிவுத் துறைமுகம், கட்டிய ஊர், ஆண்டு, உரிமையாளர் வரும். ஒன்றை மறக்க வேண்டாம். அலுவல் எண்கள் துறைமுகவாரியாகத் தொகுதி தொகுதியாகக் கொடுக்கப்பட்டவை. எண்ணைப் பார்த்து உத்தேசிக்கக்கூடியது பதிவான காலத்தைத்தான், கட்டிய காலத்தை அல்ல. பத்தாண்டு ஓடிய பிறகு முதன்முறையாகப் பதிவான படகுகளும் உண்டு.

அந்தப் பட்டியலில் வடிவமைப்பாளர் பெயர் வராது. அதற்கு லாய்ட்ஸ் ரெஜிஸ்டர் ஆஃப் யாட்ஸ். 1878 முதல் 1980 வரை வந்த ஆண்டுப் பதிவேடு. போர்க்காலங்களில் இடைவெளி உண்டு. அமெரிக்கப் படகுகளுக்கு 1903 முதல் தனிப் பதிவேடு. ஒவ்வொரு படகுக்கும் ஒரு வரி: பெயர், அலுவல் எண், அளவுகள், டன், கட்டியவர், வடிவமைத்தவர், ஆண்டு, எஞ்சின், உரிமையாளர், துறைமுகம். பின்னால் முன்னாள் பெயர்களுக்கென்றே தனி அட்டவணை இருக்கும். மூன்று பெயர் மாறிய உங்கள் படகுக்கு அது பெரிய உதவி. ஆனால் இது கட்டாயப் பதிவேடு அல்ல. இதில் இல்லாததால் படகு பழையதல்ல என்று முடிவு கட்டாதீர்கள்.

பெரும்பாலோர் இடறுவது டன்னில்தான். உத்தரத்தில் செதுக்கிய பதிவு டன் என்பது உள்வெளியின் கன அளவு. 100 கன அடி ஒரு டன். யாட் பதிவேட்டில் முன்னால் நிற்பது தேம்ஸ் டன். அது நீளத்தையும் அகலத்தையும் மட்டும் வைத்துப் போடும் கணக்கு: நீளத்திலிருந்து அகலத்தைக் கழி, அகலத்தால் பெருக்கு, அகலத்தில் பாதியால் பெருக்கு, 94-ஆல் வகு. நீளம் என்பது மேல்தட்டில் முன்கட்டையிலிருந்து பின்கட்டை வரை. நீங்கள் தந்த அளவையே இந்த நீளமாக வைத்தால் 34.5 × 10.5 × 5.25 ÷ 94, ஏறத்தாழ 20 டன். உத்தரத்தில் 14 சொச்சம் இருந்து பதிவேட்டில் 20 என்றிருந்தால் அது வேறு படகு என்று தள்ளிவிடக் கூடாது.

வடிவமைப்பாளர் பத்தியில் ஆள் பெயருக்குப் பதில் கட்டிய நிறுவனத்தின் பெயரே இருந்தால், அந்தப் பட்டறையின் வரைவாளர் போட்ட படம் என்று பொருள். ஆள் பெயரோ வரைவகப் பெயரோ இருந்தால் வரைபடத்தைத் தேடிப் போகலாம். கிளாஸ்கோவின் ஜி.எல். வாட்சன் 1873-லும் ஆல்ஃபிரட் மைல்ன் 1896-லும் தொடங்கிய வரைவகங்கள். கிளைட் நதிப் பக்கம் ரோஸ்நீத்திலிருந்த ஜேம்ஸ் சில்வர் பட்டறைக்கு ஜான் பெய்ன் போட்ட மோட்டார் யாட்டுகளுக்கு இன்றும் தனி மதிப்பு. இவர்கள் வரைந்து அனுப்ப, கிழக்கே ஒரு பட்டறை கட்டியிருக்கவும் இடமுண்டு. அதனால் “எங்கே கட்டியது”, “யார் வரைந்தது” இரண்டையும் தனித்தனிக் கேள்விகளாகவே வையுங்கள். அமெரிக்க வரைபடங்களுக்கு கனெடிகட்டிலுள்ள மிஸ்டிக் சீபோர்ட் அருங்காட்சியகம்: ஸ்பார்க்மன் அண்ட் ஸ்டீஃபன்ஸ், பிலிப் ரோட்ஸ், வில்லியம் கார்டன் ஆகியோரின் தொகுப்புகள் அங்கே இருக்கின்றன. அமெரிக்கப் பல்கலைக்கழகமான எம்.ஐ.டி.யின் ஹார்ட் தொகுப்பில் ஹெரஷாஃப் பட்டறையின் வரைபடங்கள்.

காப்பகத்துக்கு எழுதும்போது “எங்கள் படகு யாருடையது, தெரியுமா?” என்று ஒற்றை வரியில் கேட்டால் பதில் வராது. எண், எல்லாப் பெயர்களும், நீளம், நீர்க்கோட்டு நீளம் (தண்ணீர் மட்டத்தில் உள்ள நீளம்), அகலம், ஆழம், வங்கு (விலா மரம்) இடைவெளி ஆகியவற்றோடு நேர் பக்கவாட்டிலிருந்து எடுத்த ஒரு படமும் அனுப்புங்கள். பக்கவாட்டுப் படத்தை 60 அடி தள்ளி நின்று எடுக்க வேண்டும். கிட்டத்தில் நின்று அகலக்கோண லென்ஸில் எடுத்தால் முன்முனை வளைந்து வேறு படகாகத் தெரியும்.

பள்ளத்தூர் வாசகர்: உத்தரத்தையெல்லாம் சுரண்டிப் பார்த்தாயிற்று, எண் எதுவும் இல்லை. 34 அடிப் படகு. தம்பி, மச்சான் எல்லோரும் “அப்போ விட்டுடுங்க” என்கிறார்கள். விட்டுவிட வேண்டியதுதானா?

வேண்டாம். 15 டன்னுக்கு மேற்படாத, உள்ளூர் ஆற்றிலும் கரையோரத்திலும் மட்டும் ஓடிய படகுகளுக்கு 1894-ஆம் ஆண்டுச் சட்டம் பதிவிலிருந்து விலக்கு அளித்தது. 34 அடிப் படகு அதற்குள் அடங்கியிருக்கலாம். எண் இல்லாவிட்டால் மரமும் ஆணியும் திருகும்தான் சாட்சி.

வெளிப்பலகையை விட்டுவிட்டு யாரும் பார்க்காத உறுப்புகளைப் பாருங்கள்: ஏரா (அடிமரம்), வங்கு, ஏராவுக்கு மேல் வங்குகளை இணைக்கும் குறுக்குக் கட்டைகள். கண்ணில் படும் இடத்துக்கு எந்த ஊர்ப் பட்டறையும் விலையுயர்ந்த மரத்தை வரவழைக்கும். மறைவான இடத்துக்குக் கையெட்டும் மரத்தைப் போடும். ஓக் வங்கும் எல்ம் ஏராவும் இருந்தால் பிரிட்டன் பக்கம் சாயலாம். ஓக்கில் இரும்பு ஆணி அடித்த இடத்தைச் சுற்றி மை கொட்டினாற்போல் கருநீலக் கறை படியும்; தேடினால் கிடைக்கும். நம் ஆசாரிகள் இருள் மரம் என்று சொல்வதன் பர்மா வகை பியின்கடோ. அது வங்கிலோ ஏராவிலோ இருந்தால் பர்மா. செங்கால் என்ற கனத்த மரமானால் மலாயா. அறுக்கும்போது கற்பூர வாசனை வந்தால் ஹாங்காங் பக்கம் பாருங்கள். வாசனையை மட்டும் நம்ப மனம் ஒப்பாவிட்டால், உடைந்த வங்கின் தலையிலிருந்து தீப்பெட்டியளவு நல்ல மரத்துண்டு எடுத்துப் பெங்களூரிலுள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு அனுப்பலாம். இழையைப் பார்த்து இனம் சொல்வார்கள். உளுத்த துண்டை அனுப்பாதீர்கள். ஒரே ஒரு வங்கிலிருந்து மட்டும் எடுப்பதும் போதாது. அது பழுது பார்த்தபோது மாற்றியதாக இருக்கலாம்.

ஆணி: வங்கின் உட்புறத்தில் செப்பு ஆணியின் முனையைச் சிறு செப்புத் தட்டின்மேல் அடித்துப் பரப்பியிருந்தால் பிரிட்டிஷ் வழி, அல்லது பிரிட்டிஷ் வழியில் பழகிய காலனிப் பட்டறை. வெளியே மரக்குமிழ் வைத்து மூடி, உள்ளே வெண்கலத் திருகு இருந்தால் அமெரிக்க வழியாக இருக்க வாய்ப்பு அதிகம். நட்சத்திரத் தலைத் திருகு, அதாவது பிலிப்ஸ், 1930-களின் நடுவில்தான் சந்தைக்கு வந்தது. மூலக் கட்டுமானத்திலேயே அது இருந்தால் “1920-இல் கட்டியது” என்ற கதை நிற்காது. மூலக் கட்டுமானமா பழுது வேலையா என்பதைப் பக்கத்துத் திருகுகளோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

போல்ட்டுகளில் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. கால் அங்குலத்திலும் 3/8 அங்குலத்திலும் பிரிட்டிஷ் விட்வொர்த் மரையும் அமெரிக்க மரையும் ஒரே எண்ணிக்கை, வித்தியாசம் தெரியாது. அரை அங்குல போல்ட்டில் தெரியும். ஓர் அங்குல நீளத்தில் 12 மரை இருந்தால் விட்வொர்த், 13 இருந்தால் அமெரிக்கா. எஞ்சினைத் தாங்கும் நெடுங்கட்டைகளின் போல்ட்டையும் ஏரா போல்ட்டையும் எண்ணுங்கள். கைப்பிடி, கொக்கி, விளக்கு போன்றவற்றில் எண்ணிப் பயனில்லை.

அடுத்து வங்கு இடைவெளி. ஒரு இடைவெளியை மட்டும் அளந்தால் 12 அங்குலமா 30 சென்டிமீட்டரா என்று பிரித்தறிய முடியாது. 20 இடைவெளியைச் சேர்த்து அளந்தால் அடிக்கணக்கில் 609.6 சென்டிமீட்டர், மெட்ரிக்கில் 600. பத்து சென்டிமீட்டர் வித்தியாசம் ஏமாற்றாது. வரைந்தவர் அங்குலத்தில் நினைத்தாரா மெட்ரிக்கில் நினைத்தாரா என்று தெரிந்தால் ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஒரே அடியில் சேர்க்கவோ நீக்கவோ முடியும்.

கோட்டையூரிலிருந்து ஒரு ஆசாரி: அண்ணே, நிலை, உத்தரம், தூண் வேலை முப்பது வருசமாப் பாக்குறேன். இப்ப ஒரு முதலாளி படகை “லைன் எடுத்துக் குடு, வெளிநாட்டுக்கு அனுப்பி ஒப்பிடணும்”னு சொல்றாரு. வளைஞ்ச உடம்ப எப்படி அளக்குறது?

உங்களுக்கு இது வரும், தம்பி. யாட் வரைபடத்தோடு ஓர் அளவு அட்டவணை இருக்கும். அதில் 2-3-5 என்று எழுதியிருந்தால் 2 அடி, 3 அங்குலம், அங்குலத்தின் எட்டில் ஐந்து பங்கு. எட்டில் ஒரு பங்கு என்பது உங்கள் நூல்தான். உங்கள் டேப்பை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், மில்லிமீட்டருக்கு மாற்றாதீர்கள். மாற்றித் திரும்ப மாற்றுவதில்தான் பிழை புகும்.

முதலில் படகை மட்டம் பார்க்க வேண்டும். தரைமட்டம் அல்ல, படகின் சொந்த மட்டம். நல்ல பட்டறைகள் நீர்க்கோட்டைப் பலகையிலேயே மெல்லக் கீறி வைத்திருப்பார்கள். பெயின்டின் அடியில் கையால் தடவினால் உணரலாம். அந்தக் கீறலில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரு பக்கமும் நடுவில் ஒன்று என நான்கு புள்ளி வைத்து, ரசமட்டக் குழாயில் தண்ணீர் ஊற்றிச் சரிபாருங்கள். எடை முழுதும் ஏராவுக்கு அடியில் ஐந்தாறு அடிக்கு ஒரு கட்டையில் இறங்க வேண்டும். பக்க முட்டுகள் சாயாமல் பிடிக்க மட்டுமே. முட்டுகளை இறுக்கி மட்டம் கொண்டுவந்தால் பலகை உள்ளே அமுங்கும்; நீங்கள் அளப்பது முட்டுக்கட்டையின் வடிவத்தைத்தான்.

பிறகு ஏராவின் அடிவிளிம்பில் நுனியிலிருந்து நுனிவரை நூல்கயிறு கட்டிப் பாருங்கள். வயதான படகில் இரு முனையும் தொங்கி நடு முதுகு எழும்பியிருக்கும். ஓர் அங்குலம், இரண்டு அங்குலம்கூட இருக்கும். எவ்வளவு என்று எழுதி வையுங்கள். வரைபடத்தோடு ஒப்பிடும்போது உயர அளவுகள் ஏன் உதைக்கின்றன என்பதற்கு அதுதான் விடை. அகல அளவுகள் அவ்வளவாக மாறா. ஒப்பிடுவதற்கு அவற்றையே அதிகம் நம்புங்கள்.

நீர்க்கோட்டு நீளத்தைப் பத்து சம பங்காகப் பிரியுங்கள். வரைவாளர்களின் வழக்கமும் பெரும்பாலும் அதுதான்: முன்னால் 0, பின்னால் 10. தரையில் நடுக்கோட்டைச் சுண்ணக் கயிற்றால் அடித்து, அதிலிருந்து சரியாக 6 அடி தள்ளி ஒவ்வொரு பங்கிலும் தூக்குக்குண்டு பார்த்து ஒரு நேர்க்குச்சி நிறுத்துங்கள். குச்சியில் 6 அங்குலத்துக்கு ஒரு குறி. ஒவ்வொரு குறியிலிருந்தும் ரசமட்டம் வைத்த சட்டத்தைப் படுகிடையாக நீட்டிப் பலகையைத் தொடும் தூரத்தை எழுதுங்கள். 1-4-3 வந்தால் 6-0-0 இலிருந்து கழித்து 4-7-5. அதுதான் நடுவிலிருந்து பாதி அகலம். தப்பு நேரும் இடம் இது: வளைவான இடத்தில் கை தானாகவே பலகைக்குச் செங்குத்தாகச் சட்டத்தைத் திருப்பும். அப்படி எடுத்தால் அளவு குறையும். குமிழி நடுவில் நிற்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

அட்டவணை பலகையின் வெளிப்புறத்துக்கா உட்புறத்துக்கா என்று வரைபடத்திலேயே குறித்திருப்பார்கள். உட்புறத்துக்கு என்றால் பலகைக் கனத்தைக் கழிக்க வேண்டும். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே கனம் அல்ல. 1 அங்குலம் 1 நூல் பலகை, நேராக நிற்கும் இடத்தில் 1-1 தான். 45 பாகை சாய்ந்த இடத்தில் படுகிடையாக அளந்தால் 1 அங்குலம் 5 நூலுக்குச் சற்றுக் குறைவாக வரும். இரண்டு பக்கமும் அளந்து சராசரி போடாதீர்கள், தனித்தனியாக எழுதுங்கள். ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டிருந்தால் சராசரி அதை மறைத்துவிடும். வரைபடத்தோடு அரை அங்குலம் முன்பின் இருப்பது பழைய மரத்துக்கு இயல்பு. மூன்று அங்குலம் போனால் அது வேறு வடிவம்.

தேவகோட்டை வாசகி: எங்கள் ஐயா ரங்கூனில் கடை வைத்திருந்தார்கள். பெட்டகத்தில் ஒரு மோட்டார் லாஞ்சின் ஆங்கிலப் பத்திரம் இருக்கிறது. “64 பங்கு” என்று எழுதியிருக்கிறது. 64 பேர் சேர்ந்து வாங்கியதா? பேரேட்டிலும் லாஞ்ச் செலவு எழுதியிருக்கிறது.

இல்லைம்மா. பிரிட்டிஷ் பதிவில் எந்தக் கப்பலும் 64 பங்காகவே எண்ணப்படும். 64-உம் ஒருவர் பேரிலேயே இருக்கலாம். பத்திரத்தில் “மார்ட்கேஜ்” என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். கப்பல் அடமானத்தையும் அதே பதிவேட்டில் நாள், நேரத்தோடு ஏற்றுவார்கள். கடன் கொடுத்த வகையில் கைக்கு வந்த லாஞ்சா, விரும்பி வாங்கியதா என்பது அதில் தெரிந்துவிடும். அடமானத்தில் வந்ததென்றால், வடிவமைப்பாளரை அமர்த்தியவர் ஐயா அல்ல, அவருக்கு முந்தைய உரிமையாளர். தேடலை அந்தப் பெயருக்குத் திருப்ப வேண்டும். வீட்டில் இது பலருக்கு ஏமாற்றமாக இருக்கும்.

1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனுக்குள் நுழைந்ததோடு எல்லாக் காகிதமும் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். வெளித் துறைமுகப் பதிவுகளின் நகல் லண்டனுக்கும் போனது. பதிவு முடிந்த கலங்களின் ஆவணங்கள் லண்டன் க்யூவிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் பி.டி. 110 என்ற வரிசையில் இருக்கின்றன. பதிவு முடிந்த காலத்தை ஒட்டி அடுக்கியிருப்பதால், மெர்க்கன்டைல் நேவி லிஸ்ட்டில் படகு கடைசியாக எந்த ஆண்டு வருகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயரைத் தேடும்போது விலாசத்தின் (கடைப் பெயரின்) முதலெழுத்துகளை வைத்துத் தேடுங்கள். செட்டி, செட்டியார் என்பதை ஆங்கிலத்தில் ஊருக்கு ஒரு விதமாக எழுதினார்கள். பர்மாவில் ஒரு எழுத்து, மலாயாவில் வேறு. முதலெழுத்துகளுக்கு நடுவே புள்ளி வைத்தும் வைக்காமலும் பாருங்கள்.

பேரேட்டில் தேதியை மாற்றும்போது கவனம். “யுவ ௵ தை ௴” என்றிருந்தால் பலரும் 1935 என்று எழுதிவிடுகிறார்கள். யுவ வருஷம் 1935 சித்திரையில் தொடங்கியது. தை வந்தபோது 1936 ஜனவரி பிறந்துவிட்டது. எந்த ஆண்டின் பதிவேட்டைப் புரட்ட வேண்டும் என்பதே இதில் மாறிவிடும். எஞ்சின் வாங்கிய பற்று, கலப்பற்றுக் கூலி (பலகை இடுக்கு அடைத்த கூலி), பட்டறைக்குக் கொடுத்த தொகை என்று வரும் வரிகளைத் தனியே படியெடுங்கள். பட்டறையின் பெயர் அங்கேதான் அகப்படும். சிங்கப்பூர், பினாங்கு பக்கம் ஓடிய படகென்றால் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பு இணையத்தில் இலவசம். “விற்பனைக்கு” விளம்பரங்களில் நீளம், எஞ்சின், கட்டியவர் எல்லாம் போட்டிருப்பார்கள்.

காரைக்குடி வாசகர்: முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில் படகு ஓட்டும் மரச் சக்கரமும் பித்தளைத் தகடும் சேர்த்து வாங்கினேன். தகட்டில் ஆங்கிலேயப் பட்டறைப் பெயரும் 1926-உம் இருக்கிறது. உண்மையா?

சக்கரத்தால் எதுவும் நிரூபணமாகாது; கப்பல் சாமான் கடைகளில் யாரும் வாங்கக்கூடிய பொருள் அது. தகட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். மரத்தில் பல்லாண்டு ஒட்டியிருந்த தகட்டின் பின்னால் நிறம் திட்டுத்திட்டாக இருக்கும், திருகுத்துளையைச் சுற்றிப் பச்சை கட்டியிருக்கும். முன்பக்கம் பாலிஷ் போட்டுப் போட்டு எழுத்தின் மேல்முனை மழுங்கியும், பள்ளம் கூர்மையாகவும் இருக்கும். மேலும் கீழும் ஒரே மாதிரி மொழுக்கென்று இருந்தால், இன்னொரு தகட்டை அச்சாக வைத்து வார்த்தது. கட்டுமான எண் (படகுக்குப் பட்டறை கொடுத்த எண்) இருந்தால் மட்டும் எழுதுங்கள், மேலே தேடலாம்.

புதுவயல் வாசகர்: எஞ்சின் கார்ட்னர் என்ற பழைய பிரிட்டிஷ் கம்பெனியுடையது. அப்படியானால் படகு 1930-கள்தானே?

எஞ்சினின் வயது எஞ்சினுக்கு மட்டும். மர உடல் எண்பது ஆண்டு இருந்தால் அதற்குள் இரண்டு மூன்று எஞ்சின் மாறியிருக்கும். எஞ்சினை விட்டு அதைத் தாங்கும் நெடுங்கட்டையைப் பாருங்கள்: மரத்தக்கை அடித்து அடைத்த பழைய போல்ட் துளைகளின் இடைவெளியை அளந்தால் முதல் எஞ்சினின் கால் அளவு கிடைக்கும். பதிவேட்டிலுள்ள எஞ்சின் பெயரோடு அதை ஒப்பிடலாம்.

திருப்பத்தூர் வாசகர்: 36 அடி, உயர்ந்த வீல்ஹவுஸ், மீன்பிடிப் படகுச் சாயல். கிராண்ட் பேங்க்ஸ் என்ற வகை என்கிறார்கள். மரத்தில் அது உண்டா?

உண்டு. ஹாங்காங்கில் பிறந்த அமெரிக்கன் மெரீன் நிறுவனம் 1960-களில் தொடங்கி 1973 வரை அவற்றை மரத்தில் கட்டியது. பிறகு ஃபைபர் கிளாஸ். 36 அடி வடிவம் கென்னத் ஸ்மித் வரைந்தது. வரிசைத் தயாரிப்பு என்பதால் ஒவ்வொன்றுக்கும் 36 என்று தொடங்கும் உடல் எண் உண்டு, அதைத் தேடுங்கள். சாயலை மட்டும் நம்ப வேண்டாம், அந்த வடிவத்தைப் பார்த்துச் செய்தவர்கள் ஏராளம். அமெரிக்காவில் 12 எழுத்தெண் கொண்ட உடல் அடையாள எண் கட்டாயமானது 1972 நவம்பரில்தான். அதற்கு முந்தைய படகில் அது இல்லையே என்று கலங்காதீர்கள்.

மீண்டும் கானாடுகாத்தான்: கொட்டகையில் நிறுத்தி இரண்டு மாதத்தில் பலகை இடுக்குகள் இரண்டு நூல் அளவுக்கு விரிந்துவிட்டன. புட்டி வைத்து அடைக்கலாமா?

அடைக்காதீர்கள். நம் பக்கத்து வறண்ட காற்றில் பலகை சுருங்குவது இயல்பு. காய்ந்த இடுக்கில் கடினமான புட்டியையோ எபாக்சியையோ அடைத்து, என்றாவது தண்ணீரில் இறக்கினால் பலகை ஊதிப் பெருக்க இடமிருக்காது. ஆணி அறுந்து வங்கு முறியும். மேற்குப் பக்கம் ஓலைத் தட்டி கட்டி வெயிலை மறையுங்கள். உள்ளே, ஏராவின் இரு பக்கமும் நனைத்த சாக்கு விரித்து, காய்ந்தால் மறுபடி நனையுங்கள். மழைநீரோ நல்ல தண்ணீரோ அடியில் தேங்கி நிற்க விடாதீர்கள். மரம் உளுப்பது அதனால்தான். கரைக்கு ஏற்றிய படகில் அடித்துளை அடைப்பானைக் கழற்றியே வைக்க வேண்டும்.

புது பெயின்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். பழைய பெயின்டைச் சுரண்டுவதற்கு முன் பின்பக்கப் பலகையில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். முந்தைய பெயரும் துறைமுகமும் செதுக்கிப் பிறகு அடைத்திருந்தால் எழுத்தின் தடம் தெரியும். வீல்ஹவுஸ் பிற்காலத்தில் மாற்றப்பட்டதா என்பதற்கும் பெயின்ட் அடுக்கே சாட்சி: உடலில் பதினைந்து அடுக்கு இருந்து வீல்ஹவுஸில் ஐந்துதான் என்றால், பக்கவாட்டுப் படத்தை அனுப்பும்போது “வீல்ஹவுஸ் மூலமல்ல” என்று குறிப்பு எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் காப்பகத்தில் இருப்பவர் வீல்ஹவுஸைப் பார்த்தே தப்பான பத்தாண்டில் தேடிக்கொண்டிருப்பார்.